மணி தெரியல மாப்ள

நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு துப்பாக்கி பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: ஃபோர்சைட் கலங்குகிறது. எதிரே இருக்கிற குறி தெரிகிறது. குழல் நுனியில் இருக்கிற சின்ன மணி மட்டும் பஞ்சு மாதிரி ஊதிப்போய் நிற்கிறது. ரைபிள் கிளப்பில் என்னோடு சுடுகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் கண்ணும் அதே நிலைதான். ஆனால் இதை உட்கார்ந்து எழுத வைத்தவர் என் தாய்மாமா.

மாமாவுக்குப் பேரணாம்பட்டுப் பக்கம் நிலம், காப்புக்காட்டை ஒட்டி. வேர்க்கடலை போடுவார், வரப்போரம் கொஞ்சம் மா. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று அவர் அப்பா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. குழலின் வாய் வழியாக மருந்து போட்டு, தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடித்து இறக்குகிற வகை. எஸ்.பி.எம்.எல். என்பார்கள். 68 வயதில் ஒருநாள் போன் செய்தார்.

"மாப்ள, துப்பாக்கிய கன்னத்துல வெச்சா முன்னாடி இருக்கற மணி தெரியலப்பா. கண்ணாடி போட்டாலும் தெரியல, கழட்டினாலும் தெரியல. நீதான் இதுக்கெல்லாம் கிளப்புக்குப் போறியே, என்ன பண்ணலாம் சொல்லு."

பன்றியைச் சுடுவதற்காகக் கேட்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் உண்டு. மாமா வெறும் மருந்தை வெடித்துச் சத்தத்தில் விரட்டுகிறவர். சத்தத்துக்கு எதற்குக் குறி என்று கேட்கலாம். ரவை போடாவிட்டாலும் குழலிலிருந்து நார் எரிந்துகொண்டே பறக்கும். காய்ந்த புல்லில் விழுந்தால் பற்றிக்கொள்ளும். அடுத்த கொல்லையில் யாராவது காவலுக்குப் படுத்திருக்கலாம். குழல் எங்கே பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது என்பதில் மாமா கறாரானவர். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

சரி, கண்ணுக்கு வருவோம். துப்பாக்கியில் மூன்று பொருளை ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்கிறார்கள்: கண்ணுக்குப் பக்கத்தில் பேக்சைட், ஒரு மீட்டர் தள்ளி ஃபோர்சைட், அதற்கும் அப்பால் குறி. எந்தக் கண்ணும் மூன்றையும் ஒன்றாகத் தெளிவாகப் பார்ப்பதில்லை. இளம் வயதில் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் நொடிக்கு நொடி வடிவம் மாற்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். அந்தத் தாவல் நமக்குத் தெரிவதே இல்லை. பத்து வயதுப் பிள்ளை எழுத்தை ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துக்கூடப் படிக்கும். லென்ஸ் இறுக இறுக அந்தக் கிட்டப்புள்ளி விலகிக்கொண்டே போகும். நாற்பதுகளில் வெள்ளெழுத்து வருகிறது, அறுபதைத் தாண்டினால் லென்ஸ் அசைவதே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் போட்டிருக்கிற கண்ணாடி எந்தத் தூரத்துக்கோ, அந்தத் தூரம் மட்டும்தான் தெளிவு.

என் வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், குவாலிட்டி செக்‌ஷனில். வெர்னியர் படிக்க, டயல் கேஜ் பார்க்க ஒரு கண்ணாடி. அது முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டருக்கு. வள்ளூரிலிருந்து கிளம்பி ரயிலில் போகும்போது அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று பலகை படிக்கத் தூரக் கண்ணாடி. இரண்டும் அதனதன் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. ஃபோர்சைட் இந்த இரண்டுக்கும் நடுவில், யாரும் கண்ணாடி எழுதித் தராத ஒரு தூரத்தில் இருக்கிறது. மாமா கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்துத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

கணக்காகவே சொல்லலாம். தூரக் கண்ணாடி போட்ட அறுபது வயதுக் கண், பாப்பா 3 மி.மீ. விரிந்திருக்கிறது, மணி 1 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணியின் ஒவ்வொரு புள்ளியும் 3 மி.மீ. அகலத்துக்குக் கலங்கித் தெரியும். மணியே ஏறக்குறைய அந்த அளவுதான்! விளிம்பு எங்கே என்று கண் தேடிக் களைத்துப் போகாமல் என்ன செய்யும்?

குறி தெளிவாக இருக்கட்டும், மணி கலங்கினால் கலங்கட்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இரண்டு சைட்டுக்கும் இடையில் 75 செ.மீ. இருக்கிற துப்பாக்கியில், மணி 1 மி.மீ. ஒதுங்கி நின்றால் 30 மீட்டரில் அது 40 மி.மீ. விலகல். தூரத்தில் குறி கொஞ்சம் கலங்கினாலும் அதன் நடுவைக் கண் தானாகவே கண்டுபிடித்துவிடும். கலங்கிய வட்டத்துக்கும் நடு நடுதான். என்.சி.சி.யில் பயிற்சி எடுத்த எல்லோருக்கும் ஹவில்தார் சொன்னது ஞாபகம் இருக்கும், ஃபோர்சைட் டிப்பைப் பார் என்று. வயதான பிறகு அதற்கு இரட்டிப்பு மதிப்பு.

மாமா அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மீஞ்சூரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போக முடியாது, போகவும் கூடாது. அதனால் ஊரிலேயே ஒரு வேலை செய்து வரச் சொல்லியிருந்தேன். முதலில் குழல் காலிதானா என்று உறுதிசெய்வது: இடிக்கிற கம்பியை உள்ளே அடி வரை விட்டு, வாயருகே கம்பியில் போட்டிருக்கிற கோடு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து இருந்தால் கோடு மேலே நிற்கும். இந்தக் கோடு இல்லாத கம்பியை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கேப்பு இல்லாமல், கன்னத்தில் வைத்துக் குனிந்து, கண்ணிலிருந்து மணி வரை நூல் பிடித்து அளப்பது. அத்தை நூல் பிடித்தாராம். ஒரு மீட்டருக்கு ஒரு விரல்கடை கூட. அந்த நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டி, நுனியில் பாசிமணி ஒன்றை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

கடைப் பையன் முதலில் கழியைப் பார்த்துத் தயங்கினான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. டிரையல் ஃப்ரேமில் மாமாவின் தூரப் பவர் பிளஸ் 1.25-ஐப் போட்டான். மாமா கழியைக் கன்னத்தில் வைத்து, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார். பலகை பளிச்சென்று இருக்கிறது, பாசி இல்லை. அதன்மேல் பிளஸ் 0.5 கூட்டினோம். "பாசிக்கு ஓரம் வந்துடுச்சு" என்றார். 0.75 கூட்டியதும் பாசி இன்னும் நன்றாக இருந்தது, ஆனால் பலகையில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அரை கூட்டியது, முக்கால் கூட்டியது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் அரையிலேயே நின்றோம்.

அரை ஏன் சரியாக வருகிறது என்றால், தூரப் பவரோடு 0.5 கூட்டினால் கண்ணின் தெளிவு 2 மீட்டரில் போய் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் 1 மீட்டரில் இருக்கிற மணியும், வெகுதூரத்தில் இருக்கிற குறியும் ஒரே அளவுதான் கலங்கும். முழுசாக 1 கூட்டினால் மணி அப்பட்டமாகத் தெரியும், குறி கரைந்துவிடும். நீளமான குழலுக்கு 0.5, கைத்துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு மணி இன்னும் கிட்டத்தில் இருப்பதால் 0.75 அல்லது அதற்குச் சற்று மேல். கிட்டப்பார்வைக்காரர்கள் கணக்கை மாற்றிப் போட வேண்டும்: மைனஸ் 2 போடுகிறவருக்கு மைனஸ் 1.5.

புரோக்ரஸிவோ பைஃபோகலோ வாங்கிவிடாதீர்கள். துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்துத் தலை குனிந்தால் நாம் லென்ஸின் நடு வழியாகப் பார்ப்பதில்லை. மேல்பக்கம், மூக்கோரம் வழியாகப் பார்க்கிறோம். அங்கே என்ன பவர் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். ஒரே பவர் லென்ஸ், கொஞ்சம் பெரிய ஃப்ரேம், மூக்கில் உயர்த்தி உட்காருகிற மாதிரி. லென்ஸின் மையத்தை மூக்குப் பக்கமாகவும் மேலாகவும் கொஞ்சம் நகர்த்தித் தரச் சொன்னால் நல்ல கடைக்காரர்கள் செய்து தருவார்கள். கண்ணாடிச் சில்லு வேண்டாம், பாலிகார்பனேட் கேளுங்கள். வாய்வழித் துப்பாக்கியில் கேப்பு வெடிக்கும்போது பொறியும் துகளும் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் தெறிக்கின்றன. பவரே தேவைப்படாதவர்களும் வெறும் கண்ணோடு சுடக் கூடாது.

அடுத்தது துளை. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சிறு துண்டு வெட்டி, சுட்ட ஊசியால் 1.2 மி.மீ. அளவுக்கு ஒரு துளை போட்டு, கண்ணாடியில் பார்வைக்கோடு போகிற இடத்தில் ஒட்டுங்கள். மேலே சொன்ன கணக்கில் 3 மி.மீ. கலங்கல், 0.5 லென்ஸோடு 1.5 ஆகிறது, துளையும் சேர்ந்தால் 0.6. ஐந்தில் ஒரு பங்கு! துளை சிறியதாக இருந்தால் கண்ணுக்குள் போகிற ஒளிக்கற்றை மெலிந்து, கலங்கலும் சுருங்கிவிடுகிறது. இன்னும் சின்னதாக்கினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், 1 மி.மீ.க்குக் கீழே போனால் இருட்டும், ஒளி விளிம்பில் வளைந்து வேறு வகையில் மங்கும்.

ஒலிம்பிக் ரைபிள்களில் கண்ணருகே இருக்கிற பீப் சைட் இந்தத் துளைதான். வாய்வழித் துப்பாக்கிக்கும் இது புதிதல்ல. 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜ தூரத்தில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் கையில் இருந்தவை ரிக்பி கம்பெனியின் வாய்வழி ரைபிள்கள். அமெரிக்கர்கள் பின்வழியாகத் தோட்டா போடுகிற ஷார்ப்ஸ், ரெமிங்டன் வைத்திருந்தார்கள். 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் அயர்லாந்து தோற்றது. அந்த ரைபிள்களின் பின்புறம் நிமிர்ந்து நின்ற பீப் சைட்டில் உயரத்தை மாற்ற வெர்னியர் அளவுகோல் பொருத்தியிருந்தார்கள். தினமும் கையில் வெர்னியரோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு இதைப் படித்த அன்று ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஆனால் துளைக்கு வெயில் வேண்டும். பகலில், மைதானத்தில், அது அற்புதம். மாமாவின் கொல்லைக்குப் பன்றி வருவது இருட்டிய பிறகு. அந்நேரம் துளை வழியாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சுற்றுப்புறமும் மறைந்துவிடும், அது ஆபத்து. அதனால் அவருக்கு லென்ஸ் மட்டும், டேப் இல்லை.

மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தளை மணி தேய்ந்து பளபளவென்று இருந்தால் வெயில் படுகிற பக்கம் மின்னும், கண் அந்த மின்னலை மணியின் நடு என்று எடுத்துக்கொள்ளும். பந்தயத்தில் சுடுகிறவர்கள் கற்பூரப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவது பழைய வழக்கம். பூஜையறைக் கற்பூரமே போதும்; குழல் காலியாக, மருந்துப் புட்டி வேறு அறையில் இருக்கும்போது மட்டும். அந்திக்கு நேர்மாறு, வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு. மாமா அதைத்தான் வைத்திருக்கிறார். சிவப்பும் பச்சையுமாக ஒளிர்கிற ஃபைபர் மணிகள் கண்ணில் சட்டென்று படும், ஆனால் ஓரம் கூர்மையாக நிற்காது. காகிதக் குறிக்கு எனக்கு அவை ஒத்துவரவில்லை. பேக்சைட்டின் வெட்டு குறுகலான வி வடிவில் இருந்தால் வயதான கண்ணுக்கு அதன் இரு ஓரமும் சேர்ந்து அடைத்துவிடும். அகலமான சதுர வெட்டு நல்லது, அதையும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைத்தால் இன்னும் தெளியும். இதை வீட்டில் அரம் வைத்துச் செய்யாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். உரிமமுள்ள கடையில்தான் கொடுக்க வேண்டும்.

டெலஸ்கோப், ரெட் டாட் எல்லாம் அமெரிக்காவில் வாய்வழி ரைபிளுக்கும் மாட்டுகிறார்கள். கண்ணுக்கு நிம்மதிதான், ஒரே தளத்தில் எல்லாம் தெரிந்துவிடும். கண்ணில் சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு ரெட் டாட்டின் புள்ளி வால் முளைத்துத் தெரியும், அதை மட்டும் வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியில் அதற்காக ஆணி அடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு கண்ணை மூடாதீர்கள். ஒன்றை இறுக்கி மூடினால் திறந்திருக்கிற கண்ணின் தசையும் இறுகும், பாப்பாவும் விரியும், கலங்கல் கூடும். கறுப்புத் துணியும் வேண்டாம். அந்தப் பக்க லென்ஸில் செல்லோடேப் ஒட்டினால் வெளிச்சம் வரும், உருவம் வராது. சர்வதேசப் போட்டிகளிலேயே குறிபார்க்காத கண்ணுக்கு முன்னால் 30 மி.மீ. அகலத்துக்கு மறைப்பு வைக்க அனுமதி உண்டு.

எங்கள் பக்கத்துக்கும் வெடிமருந்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். வள்ளூரிலிருந்து பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், பின்னால் வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள். அங்கே அரைத்த கருமருந்து கப்பலேறிப் படாவியா வரை போனது. இப்போது கோட்டை இருந்த இடத்தில் புதர்தான். ஞாயிற்றுக்கிழமை பூநாரை பார்க்கப் போகிற கூட்டத்துக்கு இது தெரிவதில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

உயிரோடு இருக்கிற மரபைப் பார்க்க வேண்டுமென்றால் குடகுக்குத்தான் போக வேண்டும். குடகர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி கைல்போது பண்டிகையில் துப்பாக்கிகளைக் கழுவி, எண்ணெய் பூசி, பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். வைக்கிற பூ செங்காந்தள், நம் மாநில மலரேதான். பிறகு உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடும் போட்டி, நரைத்த தலைகளும் வரிசையில் நிற்கும். வயதைக் காரணம் காட்டி ஒதுங்க நினைக்கிறவர்களுக்கு உத்தரப்பிரதேசத்து ஜோஹ்ரி கிராமத்தின் சந்த்ரோ தோமரையும் சொல்வேன். அறுபதைத் தாண்டிய பிறகு முதல்முறையாக ஏர் பிஸ்டலைக் கையில் எடுத்து, பதக்கங்களாகக் குவித்தவர். 2021-இல் கொரோனாவில் காலமானார்.

ஆனால் லென்ஸும் துளையும் தீர்க்காத விஷயங்களும் உண்டு. நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால், நடுவில் ஒரு இடம் அழிந்தாற்போல இருந்தால், அது விழித்திரை. பக்கவாட்டில் பார்வை குறைந்தால் கண்நீர் அழுத்தமாக இருக்கலாம். இவற்றுக்குக் கண்ணாடிக் கடையில் பதில் இல்லை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். துப்பாக்கியை அதுவரை எடுக்கவே கூடாது. உரிமம் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று கேட்பதைச் சடங்காக நினைத்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்துக் கொல்லைக்காரரின் உயிர் அந்தத் தாளில் இருக்கிறது.

மாமாவுக்கு வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்பதைக் கடைப் பையன்தான் முதலில் சந்தேகப்பட்டான். டார்ச் வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று மாமா சொன்னதும் அவனே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டான். புரை முற்ற முற்றப் பவர் நகரும், இன்று செய்கிற கண்ணாடி ஆறு மாதத்தில் பொய்யாகிவிடலாம். அதனால் லென்ஸை இப்போது செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்திருக்கிறேன்: வலது கண்தான் குறிபார்க்கிற கண், உள்ளே வைக்கிற லென்ஸைத் தூரத்துக்கு வைப்பதா, ஒன்றிரண்டு மீட்டருக்கு வைப்பதா? ஒரே தூர லென்ஸ் நல்லதா, பல தூர லென்ஸ் வைத்தால் இரவில் வெளிச்சம் சிதறுமா? ஆபரேஷன் முடிந்து எத்தனை வாரம் கழித்துப் பவர் நிலைக்கும்? துப்பாக்கியின் உதை தோளில் வாங்க எப்போது அனுமதி?

கடலை பிடுங்கியதும் ஆபரேஷன். அதுவரை கொல்லைக்கு மைத்துனர் போகிறார், தகரத்தைத் தட்டிக்கொண்டு.